விழிஞமும் அனந்தபுரமும்: அண்டை ஊர்கள் இரண்டின் பெயர் வரலாறு

முன்னுரை

திருவனந்தபுரம் நகரின் நடுப்பகுதியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில், கோவளத்தை அடுத்து, விழிஞ்ஞம் என்னும் கடற்கரை ஊர் அமைந்துள்ளது. பெருநகரையும் இச்சிற்றூரையும் இன்று ஒப்பிட்டுப் பேசுவார் மிகச் சிலரே. ஒன்று மாநிலத் தலைநகர். மற்றொன்று 2010ஆம் ஆண்டுவரை தனி ஊராட்சியாக இருந்து, அவ்வாண்டில் அத்தலைநகரின் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட மீனவர் ஊர். ஆயின், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்க் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் விரித்துப் பார்ப்போர்க்கு இவ்விரு ஊர்களின் நிலை தலைகீழாகத் தோன்றும். பாண்டியரும் சேரரும் சோழரும் மாறிமாறிப் படையெடுத்து வந்தது விழிஞத்தை நோக்கியே ஆகும்.

அளவாலும் புகழாலும் ஒவ்வாத இரண்டு ஊர்கள் அருகருகே அமையும்போது அவற்றுக்கிடையே ஒருவகைப் போட்டி தோன்றுதல் உலகெங்கும் காணப்படுவதே. காவிரிப்பூம்பட்டினமும் உறையூரும், மாமல்லபுரமும் காஞ்சிபுரமும், ஏதென்சும் பிரேயசும், உரோமும் ஓசுதியாவும் இத்தகைய இணைகளே. இவ்விணைகளிற் பெரும்பாலும் உள்நாட்டு ஊர் கோநகராகவும் கடற்கரை ஊர் அதற்கு ஏவல் செய்யும் துறைமுகமாகவும் அமையும். விழிஞம் அனந்தபுரம் இணையோ இப்பொது விதியினின்று விலகி நிற்கின்றது. இங்குத் துறைமுகமே முதலில் தலைமையூராக விளங்கியது. கோயிலூராக இருந்த மற்றொன்று பின்னர்க் கோநகராயிற்று. கோநகரான பின்பும் அது விழிஞத்தைத் தன் துறைமுகமாக நெடுங்காலம் கொள்ளவில்லை.

இவ்விரு ஊர்களும் எதிரெதிர் நின்று பொருதனவாக ஈண்டு எடுத்துக்கொள்ளப்பட்ட ஆவணங்கள் எவையும் கூறவில்லை. இவற்றின் போட்டி ஆவணங்களில் இடம்பெறுவதற்கான போட்டி, பெயருக்கான போட்டி. அது மொழியின் வழியே நடந்தமையின், மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்திற் கொள்ளத்தக்க செய்திகள் பல அதில் உள்ளன. அவற்றைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கல்வெட்டு வழக்கைச் சுட்டுமிடத்து விழிஞம் என்றும், இன்றைய ஊரைச் சுட்டுமிடத்து விழிஞ்ஞம் என்றும் இக்கட்டுரையில் எழுதப்படுகின்றது. இவ்வேறுபாட்டிற்கான காரணம் பின்னர் விளக்கப்படும்.

ஆய் வேளிரின் விழிஞம்

ஆய் வேளிர் பொதியமலையைச் சார்ந்த பழங்குடியினர். புறநானூற்றுப் புலவர்கள் ஆய் அண்டிரனின் கொடையைப் பாடியுள்ளனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான தாலமி, ஆயோய் என்னும் பெயரால் இவர்தம் நாட்டைக் குறித்துள்ளார். எரித்திரையக் கடற்பயண நூல் நல்ல துறையையுடைய ஊர் என்று குறிப்பிடும் பலித்தா என்பது விழிஞமே என்று அறிஞர் சிலரும், வர்க்கலை என்று வேறு சிலரும் கருதுவர். கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் 2010க்குப் பின் விழிஞ்ஞத்தில் நடத்திய அகழாய்வுகளில் கோட்டைச் சுவரின் பகுதியும், மேலை நாடுகளிலிருந்து வந்த சாடிகளின் ஓடுகளும் கிடைத்துள்ளமை இவ்வூரின் கடல் வாணிகத் தொன்மைக்குச் சான்றாகும்.

கி.பி. 8ஆம் நூற்றாண்டிலிருந்து விழிஞம் வரலாற்று வெளிச்சத்திற்கு வருகின்றது. பாண்டியன் நெடுஞ்சடையனின் 17ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட சீவரமங்கலச் செப்பேடு, அவன் விழிஞத்தை அழித்ததையும், அதன் தலைவனை வென்று யானைகளையும் குதிரைகளையும் செல்வத்தையும் கவர்ந்ததையும் கூறுகின்றது. ஆழ்ந்த அகழியும் உயர்ந்த மதிலும் கொண்ட ஊராகவே விழிஞம் அதில் வருணிக்கப்படுகின்றது.

இச்செப்பேட்டில் விழிஞத் தலைவனைக் குறிக்க வரும் வேண்மன்னன் என்னும் சொல் மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்குரியது. இதனை வேணாட்டு மன்னன் எனக் கொண்டோர் உளர். ஆயின் வேள் என்பதன் ஈற்று ளகரம் மகரத்தின் முன் ணகரமாகத் திரிதல் தமிழ்ப் புணர்ச்சி மரபே. வேள், மன்னன் என்னும் இரு சொற்களும் புணர்ந்தே வேண்மன்னன் என்றாயிற்று எனப் பொருள் கொள்ளலாம். முதற்பொருளைக் கொண்டால் எட்டாம் நூற்றாண்டிலேயே விழிஞம் வேணாட்டின் பகுதியாகிவிடும். இரண்டாம் பொருளைக் கொண்டால் அது ஆய் வேளின் ஊராக நிற்கும். ஒரு புணர்ச்சித் திரிபைப் பிரிக்கும் முறையே ஓர் ஊரின் உரிமையைத் தீர்மானிக்கும் நிலை இங்கு உள்ளது. அக்காலத்திய பிற சான்றுகள் இரண்டாம் பொருளுக்கே துணைசெய்கின்றன. மாறஞ்சடையனின் 23ஆம் ஆட்சியாண்டுக் கழுகுமலைக் கல்வெட்டு, மலைநாட்டில் சடையன் கருநந்தன் என்பான்மீது பாண்டியப்படை சென்றதைக் கூறுகின்றது. கருநந்தன் என்பது ஆய் மரபினர் தாங்கிய பெயராகும்.

மாறஞ்சடையனின் 27ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த மற்றொரு வட்டெழுத்துக் கல்வெட்டு, சேரமானின் படை விழிஞத்தின்மீது வந்தபோது கோட்டையைக் காத்து உயிர்நீத்த இரணகீர்த்தி என்னும் வீரனைப் பற்றியது. ஒரே தலைமுறைக்குள் பாண்டியரும் சேரரும் இவ்வூருக்காகப் பொருதனர் என்பது இதனாற் புலனாகின்றது. சேர நாட்டிற்கும் பாண்டிய நாட்டிற்கும் இடைப்பட்ட ஆய் நாட்டின் கடல்வாயில் விழிஞமே. அதனைக் கைக்கொள்பவன் மேலைக்கடல் வாணிகத்தில் ஒரு வழியைக் கைக்கொண்டவனாகின்றான். ஊரின் சிறப்பே அதன் அழிவிற்குக் காரணமாயிற்று எனலாம்.

ஆவணங்களின் பெயரும் இருப்பிடமும்

மேற்கூறிய இரணகீர்த்தியின் கல்வெட்டு ஆய்வுலகில் திருவனந்தபுரம் அருங்காட்சியகக் கல்வெட்டு என்றே வழங்குகின்றது. விழிஞத்தின் வாயிலில் மடிந்த வீரனின் நினைவுக்கல் பெருநகரின் அருங்காட்சியகப் பெயரைத் தாங்கியுள்ளது. இது தனித்த நிகழ்ச்சி அன்று.

ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866இல் பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயிலையும் சாலையையும் நிறுவியதைக் கூறும் செப்பேடு ஆய் வரலாற்றிற்குத் தலையாய சான்றாகும். முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்று அம்மன்னன் அக்கோயிலை எடுத்தான். சாலையில் 95 சட்டர்க்கு இடம் ஒதுக்கப்பட்டது. பவிழியர் 45, தைத்திரியர் 36, தலவகாரர் 14 என அவ்விடங்கள் வேதப்பிரிவு அடிப்படையில் பகுக்கப்பட்டன. சட்டர்க்குரிய ஒழுக்க விதிகளும் தண்டங்களும் அதில் விரிவாகச் சொல்லப்பட்டுள்ளன. இத்துணைச் சிறப்புடைய ஆவணம் ஆய் மன்னன் பெயராலோ பார்த்திவசேகரபுரத்தின் பெயராலோ முதலில் அறியப்படவில்லை. திருவிதாங்கூர் அரசின் தலைமைச் செயலகமான ஹுசூர்க் கச்சேரியில் இருந்தமையால் ஹுசூர் அலுவலகச் செப்பேடு என்னும் பெயரே அதற்கு நிலைத்தது.

சிற்றூர்களின் சான்றுகள் பெருநகரின் காப்பறைக்குச் சென்று சேருதலும், அவை காப்பறையின் பெயராலேயே அறியப்படுதலும் தொல்லியல் ஆவணங்களுக்கு எங்கும் நேர்வனவே. திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் வாயிலாக து. அ. கோபிநாதராவ் முதலியோர் இவற்றை அச்சேற்றியிராவிடில் விழிஞத்தின் வரலாறே கிடைத்திராது என்பதையும் மறத்தல் ஆகாது. காத்தளித்த நகரே பெயரையும் எடுத்துக்கொண்டது என்பதே ஈண்டுச் சுட்டத்தக்கது.

சாலையும் துறையும்

பார்த்திவசேகரபுரச் சாலை காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டது என்று அச்செப்பேடே கூறுகின்றது. காந்தளூர்ச் சாலை இருந்த இடம் திருவனந்தபுரம் நகரிலுள்ள வலியசாலை என்பது அறிஞர் பலரின் துணிபு. இத்துணிபை ஏற்பின், விழிஞமும் இன்றைய திருவனந்தபுரத்தின் ஒரு பகுதியும் சோழர் ஆவணங்களில் இணைந்தே வருகின்றன என்பது தெளிவாகும்.

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்திகள் அவனுடைய 4ஆம் ஆட்சியாண்டு முதலாகவே காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தவன் என்று அவனைப் போற்றுகின்றன. அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டுத் திருவாலங்காட்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதியோ, கடலையே அகழியாகக் கொண்ட விழிஞத்தை இராசராசனின் படைத்தலைவன் கைப்பற்றியதாகக் கூறுகின்றது. முதற் குலோத்துங்கனின் வெற்றிகளைக் கூறுமிடத்துச் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியும் விழிஞத்தையும் சாலையையும் அடுத்தடுத்து வைத்தே பாடுகின்றது.

கலமறுத்தல் என்னும் தொடரின் பொருள் நெடுங்கால விவாதத்திற்கு உரியது. கலம் என்பதற்கு மரக்கலம் எனப் பொருள் கொண்டு, துறையில் நின்ற கப்பல்களை அழித்தான் என்பர் ஒருசாரார். உண்கலம் எனப் பொருள் கொண்டு, சாலையில் நடைபெற்ற உணவளிப்பை நிறுத்தினான் அல்லது ஒழுங்குசெய்தான் என்பர் மற்றொரு சாரார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை காந்தளூர்ச்சாலை என்னும் பெயரில் தனி நூலே எழுதி இச்சிக்கலை ஆராய்ந்துள்ளார். சாலை என்பது வேதக் கல்வியோடு படைப்பயிற்சியும் நல்கிய நிறுவனம் என்னும் கருத்தும் பின்னர் வலுப்பெற்றது.

இவ்விவாதத்தில் இரு ஊர்களின் அண்மை போதிய அளவு கருதப்படவில்லை என்று தோன்றுகின்றது. வலியசாலை கடற்கரையினின்று உள்ளொதுங்கிய இடம். கலம் என்பது மரக்கலமாயின், கலமறுக்கப்பட்ட துறை யாது என்னும் வினா எழுகின்றது. அருகிலிருந்த பெருந்துறை விழிஞமே. சாலையின் பெயரால் கூறப்பட்ட வெற்றி உண்மையில் விழிஞத் துறையில் நிகழ்ந்ததாகலாம். அன்றி, துறையில் ஒரு வெற்றியும் சாலையில் மற்றொரு செயலும் எனத் தனித்தனியே நிகழ்ந்தனவாகலாம். திருவாலங்காட்டுச் செப்பேடு விழிஞத்தையும் தமிழ் மெய்க்கீர்த்தி காந்தளூரையும் தேர்ந்தெடுத்தமை முதற்கருத்திற்கு ஓரளவு துணைசெய்கின்றது. பரணி இரண்டையும் வேறுவேறு வெற்றிகளாக எண்ணுவது இரண்டாவதற்குத் துணைசெய்கின்றது. முடிந்த முடிபு கூறுதற்குச் சான்று போதாது. எனினும், பிறமொழியில் பெயர்ப்போர் கலம் என்பதற்குக் கப்பல் என்று மட்டும் எழுதிவிட்டால், தீராத ஒரு விவாதம் தீர்ந்ததாகப் படிப்போர் எண்ண நேரிடும் என்பதில் ஐயமில்லை.

வேற்றுமையில் அமைந்த வேற்றுமை

சாலையும் விழிஞமும் போர்ச்செய்திகளில் இடம்பெற, அனந்தபுரம் என்னும் பெயர் முற்றிலும் வேறான சூழலில் வருகின்றது. நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் அனந்தபுரத்தைப் பாடி, அந்நகருக்குச் செல்ல அடியவரை அழைக்கின்றார். விழிஞம் மதிலும் அகழியுமாக அறியப்பட்ட காலப்பகுதிக்கு அணித்தாகவே அனந்தபுரம் அடியவர் சென்றடையும் திருப்பதியாக அறியப்பட்டது.

இவ்விரு பெயர்களும் ஒரே ஆவணத்தில் வருவதற்கு எடுத்துக்காட்டு, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த பராந்தக பாண்டியனின் கன்னியாகுமரிக் கல்வெட்டாகும். அவன் விழிஞத்தைக் கைக்கொண்டதும், காந்தளூர்ச் சாலையில் கலமறுத்ததும், அனந்தபுரத்து இறைவனுக்கு விளக்குகள் அளித்ததும் அவனது மெய்க்கீர்த்தியில் இடம்பெறுகின்றன. ஒரே அரசன், ஒரே வழியில், பதினாறு கி.மீ. இடைவெளிக்குள், ஓர் ஊரைக் கொண்டான். மற்றோர் ஊருக்குக் கொடுத்தான்.

இதனை இலக்கண நோக்கிற் காண்பது பயன்தரும். மேற்கண்ட ஆவணங்களில் விழிஞம் ஏற்கும் வினைகள் அழித்தல், கொள்ளுதல், கைப்பற்றுதல் என்பனவே. இரண்டாம் வேற்றுமை உருபு விரிந்தும் தொக்கும் வர, அது எங்கும் செயப்படுபொருளாகவே நிற்கின்றது. அனந்தபுரமோ சேர்தல், புகுதல், அளித்தல் ஆகிய வினைகளோடு இயைந்து, சென்றடையும் இடமாகவோ கொடை பெறும் இடமாகவோ நிற்கின்றது. கொடைப்பொருளில் நான்காம் வேற்றுமை வருதல் தொல்காப்பிய மரபு. வென்றவன் எவனாயினும் கொள்ளப்படும் ஊராக ஒன்றும், வென்றவன் எவனாயினும் கொடுக்கப்படும் ஊராக மற்றொன்றும் அமைந்தமையே இவ்விரண்டின் பிற்கால நிலையைத் தீர்மானித்தது எனலாம். துறைமுகத்தை அழித்தல் பகையரசனுக்குப் புகழ். கோயிலை அழித்தல் அவனுக்குப் பழி. ஆகவே ஒவ்வொரு படையெடுப்பிலும் விழிஞம் இழந்தது, அனந்தபுரம் பெற்றது.

சான்றுகள் சிலவற்றை மட்டும் கொண்டு வகுத்த இவ்வேறுபாட்டை விதியாக நீட்டுதல் பொருந்தாது. விழிஞத்திலும் கோயில்கள் இருந்தன. எட்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சிறிய குடைவரை இன்றும் அங்கு உள்ளது. அதன் வெளிச்சுவரில் சிவனின் புடைப்புருவங்கள் முற்றுப்பெறாமல் நிற்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை அதனைப் பாதுகாத்து வருகின்றது.

நகர்ந்து சென்ற தலைமை

விழிஞத்தின் தாழ்விற்குப் போர்கள் மட்டுமே காரணம் அல்ல. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு, கொல்லம் வாணிகக் குழுக்களால் வளம்பெற்றுவந்த நகரம் என்பதைக் காட்டுகின்றது. மேலைக்கடல் வாணிகத்தில் கொல்லம் முதன்மை பெற்றதும், ஆய் நாட்டின் எஞ்சிய பகுதிகள் வேணாட்டோடு இணைந்ததும் விழிஞத்தை இரண்டாம் நிலைக்குத் தள்ளின. சோழர் அதற்கு இராசேந்திரசோழப்பட்டினம் என்னும் பெயரை வழங்கினர் என்று வரலாற்றறிஞர் கூறுவர். அப்பெயர் சோழர் மேலாண்மையோடு மறைந்தது, பழம்பெயரே மீண்டது.

அனந்தபுரமோ கோயிலைச் சுற்றி வளர்ந்தது. 14ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அனந்தபுரவருணனம் என்னும் மணிப்பிரவாள நூல் அவ்வூரின் கோயிலையும் கடைவீதிகளையும் வருணிக்கின்றது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர், 1750இல் தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, இறைவனின் அடியவராக ஆட்சி புரிந்தார். நாடு முழுவதுமே அனந்தபுரத்து இறைவனுக்கு அளிக்கப்பட்ட கொடையாயிற்று. அவருக்குப்பின் ஆண்ட கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது.

தலைநகர் அருகில் வந்தபின் விழிஞ்ஞம் வளம்பெற்றிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழவில்லை. 1644இல் ஆங்கிலேயர் விழிஞ்ஞத்தில் பண்டகசாலை அமைத்தனர். ஆயின் பின்னர் அவர்கள் நிலைத்த கோட்டை கட்டியது அஞ்சுதெங்கில். இராசா கேசவதாசர் பெருந்துறையாக வளர்த்தது ஆலப்புழையை. தலைநகரின் சரக்கு இறங்குமிடமாக 19ஆம் நூற்றாண்டில் அமைந்தது நகரை ஒட்டிய வலியதுறையே. அங்கு 1825இல் பாலம் கட்டப்பட்டது. 1947இல் கப்பல் மோதி அது அழிந்து, 1956இல் மீண்டும் கட்டப்பட்டது. இயற்கை வளைகுடா உடைய ஊரை விடுத்துத் திறந்த கடலில் பாலம் கட்டியமைக்கு நகருக்கு அண்மை என்பதே முதன்மைக் காரணமாதல் கூடும். நகரிலுள்ள சாலைக் கடைத்தெரு வளர்ந்து, தமிழ் வணிகர் பலருக்கு வாழ்விடமாயிற்று; புதின ஆசிரியர் ஆ. மாதவனின் கதைகளில் அத்தெரு தமிழிலக்கியத்திலும் இடம்பெற்றது. விழிஞ்ஞத்திற்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை.

1956ஆம் ஆண்டு மொழிவழி மாநில அமைப்பு மற்றொரு பிரிவினையை உண்டாக்கியது. விளவங்கோடு உள்ளிட்ட தமிழ் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பார்த்திவசேகரபுரம் தமிழ்நாட்டிலும் விழிஞ்ஞமும் வலியசாலையும் கேரளத்திலும் அமைந்தன. ஆய் நாட்டின் வரலாறு இரு மாநிலப் பாடநூல்களுக்கு இடையே பங்கிடப்பட்டு, இரண்டிலும் குறுகிற்று. விழிஞத்தைப் பற்றிய மூலச்சான்றுகளிற் பெரும்பாலானவை தமிழில் இருக்க, அவ்வூரைப் பற்றி எழுதவேண்டிய தேவை மலையாளத்திற்கே மிகுதியாயிற்று. மொழிபெயர்ப்பின் இன்றியமையாமை இங்குதான் தோன்றுகின்றது.

ஒரு பெயர், பல வடிவங்கள்

தமிழ்க் கல்வெட்டுகளிலும் பரணியிலும் பெயர் விழிஞம் என்றே வருகின்றது. திருவாலங்காட்டு வடமொழிப் பகுதி இதனை விலிந்தம் என மாற்றுகின்றது. ழகரமும் இடையில் வரும் ஞகரமும் வடமொழி ஒலிமரபிற்கு ஏற்பத் திருத்தப்பட்டுள்ளன. ஐரோப்பியர் ஆவணங்களில் பிரிஞ்சான் போன்ற வடிவங்கள் காணப்படுகின்றன. மலையாளத்தில் ஞகரம் இரட்டித்து விழிஞ்ஞம் என வழங்குகின்றது.

அண்மைக்காலத் தமிழ் இதழ்களில் விழிஞ்சம் என்னும் மற்றொரு வடிவமும் பரவியுள்ளது. இதற்கு இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, ஆங்கில எழுத்துப்பெயர்ப்பு. மலையாள ஞ்ஞகரத்தை ஆங்கிலத்தில் என், ஜே ஆகிய ஈரெழுத்துகளால் எழுதுகின்றனர். ஆங்கிலச் செய்தியிலிருந்து பெயர்ப்போர் அதனை ஞ்ச என்று படித்துவிடுகின்றனர். இரண்டாவது காரணம் நுட்பமானது. தமிழில் மெல்லினத்தை அடுத்து வல்லினம் வருமிடத்து மலையாளத்தில் மெல்லினமே இரட்டிப்பதை ஏ. ஆர். இராசராசவர்மா தம் கேரளபாணினீயத்தில் அனுநாசிகாதிப்பிரசரம் எனப் பெயரிட்டு விளக்கியுள்ளார். மஞ்சள் மஞ்ஞள் என்றும், கஞ்சி கஞ்ஞி என்றும், குஞ்சு குஞ்ஞு என்றும் மலையாளத்தில் வழங்குதல் இதற்கு எடுத்துக்காட்டு. இவ்விதியை அறிந்த மொழிபெயர்ப்பாளர் மறுதலையாக நடந்து, மலையாள விழிஞ்ஞம் தமிழில் விழிஞ்சம் ஆதல் வேண்டும் என முடிவுசெய்யக்கூடும்.

அம்முடிவு பொருந்தாது. மலையாளம் தனிமொழியாக எழுத்துருப் பெறுவதற்கு முன்னரே, எட்டாம் நூற்றாண்டுத் தமிழ் ஆவணத்தில், இப்பெயர் சகரமின்றி விழிஞம் என்று வந்துள்ளது. விதியை அறியாதார் செய்யும் பிழையும், விதியை அறிந்தார் செய்யும் மிகைத்திருத்தமும் ஒரே தவறான வடிவில் சென்று முடிகின்றன. தமிழ் தன் பழைய ஆவணங்களில் காத்துவந்த பெயரை ஆங்கிலத்தின் வழியே சிதைத்துப் பெறுதல் வருந்தத்தக்கது. அண்டைப் பெருநகரின் பெயர் இவ்விடரினின்று மீண்டது. 1991இல் அரசாணையால் ஆங்கில எழுத்திலும் திருவனந்தபுரம் என்னும் முழுவடிவமே ஏற்கப்பட்டது.

மீண்டும் துறைமுகம்

விழிஞ்ஞத்தில் பெருந்துறைமுகம் அமைக்கும் எண்ணம் 1940களில், சி. பி. இராமசாமி ஐயர் திருவிதாங்கூரின் திவானாக இருந்த காலத்திலேயே தோன்றியது. அதன்பின் மீன்பிடி துறைமுகம் எழுந்தது. 1991இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முயற்சியில் அங்கு அலையாற்றல் மின்நிலையம் ஆய்வு நிலையில் நிறுவப்பட்டது. பன்னாட்டுக் கொள்கலத் துறைமுகத்திற்கான ஒப்பந்தம் 2015 ஆகஸ்டில் கேரள அரசுக்கும் அதானி குழுமத்திற்கும் இடையே கையெழுத்தாயிற்று. பன்னாட்டுக் கப்பல்வழிக்கு ஏறத்தாழ 10 கடல்மைல் அண்மையும், கரையையொட்டியே 18 மீட்டருக்கு மேற்பட்ட இயற்கை ஆழமும் இவ்விடத்தின் சிறப்புகள். 2024 ஜூலையில் சான் பெர்னாண்டோ என்னும் முதற் பெருங்கப்பல் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வணிக இயக்கம் தொடங்கியது. 2025 மே 2இல் பிரதமர் நரேந்திர மோதி துறைமுகத்தை நாட்டிற்கு அர்ப்பணித்தார்.

இதனால் விழிஞ்ஞம் ஒப்பிடப்படும் ஊர்களின் வரிசையே மாறிற்று. கொழும்பில் கைமாறும் இந்தியச் சரக்கை ஈர்ப்பதே புதிய துறைமுகத்தின் நோக்கம். கொச்சியில் 2011இல் வல்லார்பாடம் முனையம் திறக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் குளச்சலை அடுத்த இனயத்தில் துறைமுகம் அமைக்க 2016 ஜூலையில் நடுவண் அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தபோது, விழிஞ்ஞத்திற்கு அது ஊறாகும் என்று கேரளத்தில் கவலை எழுந்தது. திருவனந்தபுரமும் கொச்சியை நோக்கும்போது தன்னைச் சிறியதாக உணரும் நகரே. மாநிலத்தின் உயர்நீதிமன்றம் எறணாகுளத்தில் இருக்க, தலைநகரில் அதன் கிளையை வேண்டி நெடுங்காலமாகக் கோரிக்கை எழுந்துள்ளது. சிறுமையும் பெருமையும் பார்க்குமிடத்தைப் பொறுத்தனவாதலை இவ்வூர்களின் வரிசை காட்டுகின்றது.

இவ்வளர்ச்சியின் சுமை கரையில் வாழ்வோர்மீதும் விழுந்தது. கடலரிப்பால் வீடிழந்த குடும்பங்களின் மறுவாழ்வு, கட்டுமானத்தின் விளைவுகளைக் குறித்த ஆய்வு முதலிய கோரிக்கைகளோடு 2022 ஆகஸ்டில் மீனவ மக்கள் இலத்தீன் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் போராடினர். நவம்பர் இறுதியில் அது வன்முறையைச் சந்தித்து, டிசம்பர் முதல் வாரத்தில் முடிவுக்கு வந்தது. வலியதுறை முதலிய நகரக் கடற்கரையினரும் விழிஞ்ஞத்தாரும் அப்போராட்டத்தில் ஒருசேர நின்றனர். ஊர்களுக்கிடையே உள்ள போட்டி அவ்வூர்களில் வாழ்வோரிடையே உள்ள போட்டி ஆகாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

2023இல் துறைமுகத்திற்கு அலுவல்முறைப் பெயர் அறிவிக்கப்பட்டபோது, விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகம் என்பதோடு திருவனந்தபுரம் என்னும் பெயரும் சேர்க்கப்பட்டது. பராந்தக பாண்டியனின் கல்வெட்டிற்குப் பின், ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்து, அரசு ஆவணம் ஒன்றின் ஒரே தொடரில் இரு பெயர்களும் இடம்பெற்றுள்ளன. இம்முறை இரண்டும் எழுவாய் வேற்றுமையில் நிற்கின்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன புலனாகும். விழிஞமும் அனந்தபுரமும் அளவால் ஒவ்வாத ஊர்களாக என்றும் இருந்தவை அல்ல. தலைமை ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குப் படிப்படியாக நகர்ந்தது. அந்நகர்வைக் கல்வெட்டுகளின் வினைகளிலும் வேற்றுமைகளிலும் ஓரளவு காண முடிகின்றது. சிற்றூரின் சான்றுகள் பெருநகரின் பெயரால் அறியப்பட்டமையும், இரு மாநிலங்களுக்கிடையே பிரிந்தமையும் அதன் வரலாற்றை மறைத்தன.

மொழிபெயர்ப்பாளர்க்கு மூன்று கருத்துகளை முன்வைக்கலாம். கல்வெட்டுப் பகுதிகளைப் பெயர்க்கும்போது விழிஞம் என்னும் பழவடிவத்தையும், இன்றைய ஊரைக் குறிக்கும்போது அவ்வூரார் வழங்கும் விழிஞ்ஞம் என்னும் வடிவத்தையும் கொள்ளுதல் தக்கது. விழிஞ்சம் என்பது விலக்கத்தக்கது. வேண்மன்னன், கலமறுத்தல் போன்ற இருபொருட்கு இடந்தரும் சொற்களை ஒரு பொருளில் முடக்காது, மாற்றுப்பொருளையும் சுட்டுதல் வேண்டும். ஹுசூர் அலுவலகச் செப்பேடு முதலிய பெயர்களை எழுதுமிடத்து அச்சான்று எவ்வூரைப் பற்றியது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். ஓர் ஊர் தன் மதிலையும் துறையையும் இழந்தபின் அதற்கு எஞ்சுவது பெயர் ஒன்றே. அதனைத் திரிபின்றி எழுதுதல் எழுதுவோர் கையில் உள்ளது.